ஃபிரிட்ஜ் கதவில் ஹூஸ்டனும் எர்லாங்கனும்

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஹூஸ்டன், அந்தப் பக்கம் எர்லாங்கன். இரண்டுக்கும் கீழே மதிப்பெண்கள். எல்லாம் என் அண்ணன் ஜெயசீலனின் கைவேலை. எஞ்சினியர் என்பதால் கோடு மட்டும் நேராக இருக்கும். எழுத்து கோழி கிண்டினாற்போல இருக்கும்.

இந்த மாதத்தோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையிலிருந்து யார் ஃபோன் செய்தாலும், சாப்பாடு ஆச்சா, குளிர் எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று வரும். "அமெரிக்காவ விட்டுட்டு ஏம்ட்டி அங்கன போய்க் கிடக்க?" அதற்கு ஃபோன் கார்டில் மிச்சமிருக்கும் நிமிடங்களுக்குள் பதில் சொல்லி முடிந்ததே இல்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு அமெரிக்கா மோசம், எஸ்தரே சொல்லிவிட்டாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே போய் மகாராணியாக வாழ்கிற பெண்கள் ஆயிரம் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கெல்லாம் கார் ஓட்டத் தெரியும். எனக்குத் தெரியாது. என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2

ஹூஸ்டனில் நான் மூன்று முறை டிரைவிங் டெஸ்டுக்குப் போனேன். முதல் முறை பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்தேன். இரண்டாம் முறை நிறுத்து என்றதும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். மூன்றாம் முறை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து லேனில் ஒரு பெரிய லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடி ஜெபித்தேன். கர்த்தர் கேட்டார். பக்கத்தில் இருந்த பரீட்சை அதிகாரி கேட்கவில்லை.

அதோடு நான் பார்சல் ஆகிவிட்டேன். என் கணவர் ராஜன் நேரம் கிடைக்கும்போது என்னை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். அவருக்கு நேரம் இல்லாவிட்டால் அண்ணன் வருவான். அதே ஊரில் இருபது வருடமாக இருப்பவன். பால் தீர்ந்தால் ஃபோன், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஃபோன், தலைமுடி வெட்ட வேண்டும் என்றால் ஃபோன். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக நாற்பது பிள்ளைகளை விரல் நுனியில் வைத்திருந்தவள், ஒரு பாக்கெட் பாலுக்காக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கடை தெரியும். நடந்தால் பத்து நிமிடம். ஒரு நாள், மகள் ரூத்துக்கு அப்போது ஒரு வயது, அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆகஸ்ட் மாத வெயில். கொஞ்ச தூரத்தில் நடைபாதை பட்டென்று முடிந்து புல்தரை வந்தது. அப்புறம் ஆறு வரிசைக் கார்ச் சாலை, கடக்க வழியே இல்லை. நான் புல்லில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது.

அந்தப் போலீஸ்காரர் நல்ல மனிதர். கார் ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றார். இல்லை, பால் வாங்க நடந்து போகிறேன் என்றேன். நடந்தா என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, கவலை. அந்தக் கவலையைப் பார்த்ததும் என் இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. அண்ணனுக்கு ஃபோன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அண்ணன் அரை மணியில் வந்து, அவரிடம் சாரி சொல்லி, என்னையும் குழந்தையையும் பின் சீட்டில் ஏற்றினான்.

"ஒரு ஃபோன் பண்ணுனா நான் வர மாட்டேனா? ரோட்டுல நடக்கணும்னு என்ன தலவிதி உனக்கு?" என்று வழியெல்லாம் திட்டினான்.

அன்றைக்கு நான் அழவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஹூஸ்டனில் பத்து மாதம் வெயில், உண்மைதான். அந்த வெயிலை நான் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். ஏ.சி. வீடு, ஏ.சி. கார், ஏ.சி. கடை. உச்சிக் கோடையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய்கறி பொறுக்கினேன். அவ்வளவு வெயில் உள்ள ஊரில் டாக்டர் எனக்கு வெயில் போதவில்லை என்று விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் கம்பெனிகள் எல்லாம் ஆள் குறைத்த காலம் வந்தது. ராஜனுக்கும் வேலை போனது. கூடப் படித்த ஒருவர் சொல்லி இந்த எர்லாங்கனில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னார். விட்ட இடத்தில் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. நானும் சரி என்றேன்.

3

ஜெர்மனியில் எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் நவம்பரில் மத்தியானம் நாலரைக்கு விளக்குப் போட்டேன். ஏப்ரல் வரை அணைக்கவே இல்லை என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில்களைக் குப்பைத் தொட்டியில் போட்டால் சத்தம் என்று கீழ்வீட்டம்மா கடிதம் எழுதிக் கதவில் ஒட்டுவார். விசா நீட்டிக்கும் அலுவலகத்தில் நம்பர் சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் இருந்தால், இந்தத் தாளோடு இன்னொரு தாள் வேண்டும் என்பார்கள். அந்த இன்னொரு தாளை வாங்கப் போனால் முதல் தாளைக் கேட்பார்கள்.

பிள்ளை விஷயம் இன்னும் கஷ்டம். இங்கே பிள்ளைகள் அம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிடும். கிண்டர்கார்டன் போன மூன்றாம் மாதம் ரூத் என்னை "மாமா, தண்ணி" என்றாள். நான் மாமா இல்லை, அம்மா என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது வீட்டுக்குள் அம்மா, தெருவில் மாமா என்று ஒரு உடன்படிக்கை.

முதல் குளிர்காலம் முழுக்க நான் மறுபடியும் ஜன்னல் ஓரம்தான். அதை உடைத்தது மேல்மாடியில் இருக்கும் வதனி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்து இறங்குவார். இந்தக் குளிரில் இப்படியா என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"குளிர் என்ன செய்யும்? உடுப்புத்தான் சரியாப் போட வேணும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதோ?"

"தெரியாதுக்கா."

"உண்மையாவோ? ஊரிலை நாங்கள் பள்ளிக்கூடம், சந்தை, டியூசன் எல்லாத்துக்கும் சைக்கிள்லதான் போறது. பொம்பிளையள் முழுப்பேரும் ஓடுவினம். வாங்கோ, ஞாயிற்றுக்கிழமை பழக்கி விடுறன்."

அப்போது எனக்கு முப்பத்திநாலு வயது. சிறுவயதில் நான் சைக்கிள் கேட்டிருக்கிறேன். ஏழு வருடம் என்னைக் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்த என் அண்ணன்தான் அப்பாவுக்கு முந்திக்கொண்டு, "விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா எவன் கட்டுவான்?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடுவதை அத்தனை நாள் திட்டியவள் அன்றைக்கு வாழ்த்தினேன். சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. ஒரு மூலையில் ராஜன் ரூத்துக்குக் குட்டிச் சைக்கிள் பழக்கினார். மறு மூலையில் வதனி அக்கா என் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். "முன்னாலை பாருங்கோ, சில்லைப் பாக்காதேங்கோ! விழுந்தா எழும்பலாம்!" சில்லு என்றால் அவர்கள் ஊரில் சக்கரம். எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ரூத்துக்கு மூன்று.

முதல் முறை தனியாகப் போனது ரொட்டிக் கடைக்கு. தூறல், எதிர்க்காற்று, மூக்கு சிவந்து தண்ணீர் வடிகிறது. சிவப்புக் கல் பதித்த சைக்கிள் பாதையில் எனக்கு முன்னால் எண்பது வயதுக் கிழவி ஒருவர், பின்னால் ஒரு பேராசிரியர் மாதிரி ஆள். யாரும் என்னை நிறுத்தி வீட்டில் பிரச்சினையா என்று கேட்கவில்லை. நாலு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று அழுதேன். ஹூஸ்டனில் வராத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு என்னை வீட்டில் பிடிப்பார் இல்லை. விசா அலுவலகம், ரூத்தின் பள்ளிக்கூடம், ஜெர்மன் வகுப்பு, பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் மாலைநேர வேலை, எல்லாம் அந்த இரண்டு சக்கரத்தில் கிடைத்தவை.

4

போன மாதக் கடைசியில் அண்ணன் வந்தான். பத்து நாள் லீவு. தங்கையைப் பார்க்க வந்தான் என்பது பாதி. மீதிப் பாதியை முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே எடுத்து வைத்தான். அவன் கம்பெனியில் ராஜனுக்கு ஒரு இடம் தயார். "நான் பேசி வச்சிருக்கேன் மாப்ள. நான் கிளம்புததுக்குள்ள ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ராஜன் என்னைப் பார்த்தார். "எஸ்தர் என்ன சொல்லுதாளோ அதான்," என்றார். வாய்தான் சொன்னது. அவர் கண் ஹூஸ்டனுக்குப் போய்விட்டது எனக்குத் தெரிந்தது. வேலை போய் வந்த ஊருக்குத் தலை நிமிர்ந்து திரும்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் வேண்டாம் என்றால் அந்த ஆசையில் மண்ணைப் போட்டவள் ஆவேன். சரி என்றால் மறுபடி பார்சல். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் அண்ணன் தாளை எடுத்தான். "உணர்ச்சிவசப்படாம பாயிண்ட் பாயிண்டாப் பாப்போம்." வீட்டு அளவு: ஹூஸ்டன். மொழி: ஹூஸ்டன். ஞாயிறு தமிழ் ஆராதனை: ஹூஸ்டன். குடியுரிமை: ஹூஸ்டன். வருட லீவு முப்பது நாள்: எர்லாங்கன். டாக்டர்: எர்லாங்கன். ஐந்து மணி நேர ரயிலில் ஊன்ட்றொப் என்ற ஊரில் ஈழத்தமிழர் கட்டிய அம்மன் கோயில் தேர்த்திருவிழாவுக்கு எங்களை வதனி அக்கா கூட்டிப்போனதைச் சொன்னேன். வேறு சாமியாக இருந்தாலும் அத்தனை ஆயிரம் தமிழரை ஒரே இடத்தில் பார்த்ததைச் சொன்னேன். அதற்கு ஒரு பாயிண்ட் தந்தான்.

காலநிலைக்கு வந்தபோதுதான் சண்டை.

"இதுல என்னட்டி யோசன? ஜூன் மாசம் ஜாக்கெட் போட்டுட்டு இருக்கேன். ஹூஸ்டன்!"

"அங்க வெயில் இருக்கு, சரி. நீ எப்ப கடைசியா வெயில்ல நின்ன?"

"கார் எடுக்கப் போகும்போது நிப்பேன்."

"அது எத்தன நிமிஷம்?"

"வெயிலு வெயிலுதாம்ட்டி. எத்தன நிமிஷம்னுலாம் கிடையாது," என்று ஹூஸ்டனுக்கே போட்டான்.

அவன் அப்படித்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஹூஸ்டனில் காரில் மாலுக்குப் போய், மாலுக்குள் நடந்துவிட்டுக் காரில் திரும்புவான். இங்கே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஆற்றங்கரையில் நடந்து, பார்த்தால் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருக்கிறோம். "நாம இவ்வளவு தூரமா வந்தோம்?" என்று அவனே கேட்டான். தாளில் அதை எழுதவில்லை.

ரூத் அவனுக்குப் பெரிய ஆறுதல். தெருவில் அவள் "மாமா!" என்று கத்தினால் நானும் அவனும் சேர்ந்து திரும்புவோம். "பெத்தவள மாமாங்குது, இது ஒரு ஊரா?" என்று அதற்கும் ஹூஸ்டனுக்கு ஒரு பாயிண்ட் போட்டான்.

வதனி அக்கா ஒரு நாள் தேநீர் குடிக்க வந்தபோது தாளை நின்று படித்தார். "எங்களை ஆர் கேட்டது அமெரிக்காவோ ஐரோப்பாவோ எண்டு? பிளேன் எங்கை இறக்கிச்சுதோ அங்கை நிண்டம். நீங்கள் குடுத்துவச்சனீங்கள், தாள் போட்டுப் பாக்கிறியள்," என்று சிரித்தார். அண்ணன் பேனாவை மூடி வைத்தான். போகும்போது அக்கா என்னிடம் மெதுவாக, "போறதெண்டா போங்கோ. ஆனா உங்கடை வாயாலை சொல்லுங்கோ. தாள் சொல்ல விடாதேங்கோ," என்றார்.

கடைசி நாள் இரவு வரை நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கூட்டிப் பார்த்தான். ஒன்பதுக்கு ஆறு. ஹூஸ்டன் ஜெயித்தது. "காலையில ஸ்டேஷன்ல வச்சுச் சொல்லுங்க மாப்ள," என்று படுக்கப் போனான்.

5

காலை பத்து இருபதுக்கு ரயில். பெட்டிகளோடு ரூத்தையும் ராஜன் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் பத்து நிமிடத்தில் வரும் அடுத்த பஸ்ஸில் போவதாகத் திட்டம். அண்ணனுக்கு இன்னொரு காபி வேண்டியிருந்தது. ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்தானே என்றான். கார்க்காரர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் என்பது ஒரு தூரமே இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் தெருவில் ஈ காக்காய் இல்லை. கடைகள் மூடியிருக்கின்றன. தூரத்தில் கோயில் மணி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கத்தோலிக்கர்களின் நற்கருணைத் திருநாள், அரசு விடுமுறை. எங்கள் சபையில் இல்லாத பண்டிகை, வருடாவருடம் தேதி மாறும். ஐந்து வருடத்தில் ஐந்து முறையும் நான் மறந்திருக்கிறேன். பள்ளிக்கூடமும் லீவில் இருந்ததால் ரூத்தும் நினைவூட்டவில்லை. ராஜன் லீவு போட்டிருக்கிறார் என்று நான் நினைத்தது லீவே இல்லை. விடுமுறை நாள் அட்டவணையில் அடுத்த பஸ் ஐம்பது நிமிடம் கழித்து.

"டாக்ஸி கூப்புடு," என்றான் அண்ணன். கூப்பிட்டேன். அரை மணி ஆகும் என்றார்கள். மணி பத்து மூன்று. அண்ணனால் ஓட முடியாது, முழங்கால். வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தோம். ராஜனின் சைக்கிள் பூட்டிக் கிடந்தது, சாவி ராஜனின் பாக்கெட்டில்.

என் சைக்கிள் இருந்தது. உறுதியான கேரியர்.

"அண்ணா, ஏறு."

"எதுல?"

"டபுள்ஸ்."

"எஸ்தரு, எம்பத்தஞ்சு கிலோட்டி நான்!"

"ஏழு வருஷம் என்னைய மிதிச்சேல்லா? இன்னைக்கு ஒரு நாளு நான் மிதிக்கேன். ஏறு!"

ஏறினான். முதல் இருபது அடி பாம்பு போல வளைந்தது. பிறகு பிடித்துக்கொண்டேன். தொடை எரிகிறது, கண்ணில் வேர்வை, ஜூன் மாதக் குளிர்காற்று முகத்தில். பின்னால் அண்ணன், "பாத்துட்டி, பாத்துட்டி, பள்ளம்!" என்று எங்கள் ஊர் முருகன்குறிச்சி ரோட்டில் நான் கத்தியதையெல்லாம் கத்திக்கொண்டு வருகிறான்.

இரண்டாவது திருப்பத்தில் திருநாள் ஊர்வலத்துக்காகச் சாலையை மறித்து ஒரு போலீஸ்காரர் நின்றார். கையைத் தூக்கினார் என்றால் போதாது, தூக்கி அப்படியே வைத்துக்கொண்டார். எனக்கு ஹூஸ்டன் புல்தரை ஞாபகம் வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும், இறங்கி முன்னால் வந்து, "சாரி ஆபீசர்," என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு. நான் பேசுதேன்," என்றேன்.

பேசினேன். ஜெர்மனில்தான். பெரியவர்கள் டபுள்ஸ் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. இவர் என் அண்ணன், பத்து இருபது ரயில், விமானம் காத்திருக்கிறது. இன்றைக்கு என்ன பண்டிகை என்று நான் மறந்துபோனேன். சின்ன வயதில் ஏழு வருடம் தினமும் இவர் என்னை இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இவ்வளவையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். இலக்கணம் அங்கங்கே நொண்டியிருக்கும், அவருக்குப் புரிந்தது.

"ஏழு வருடமா?" என்று கேட்டார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சைக்கிளின் டயரை.

"இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்," என்றார் கண்டிப்பாக. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "அந்த மூலை வரைக்கும். இங்கிருந்து எனக்கு அந்த மூலை வரைக்கும்தான் தெரியும்."

மூலை வரைக்கும் நல்ல பிள்ளைகளாகத் தள்ளிக்கொண்டு போனோம். திரும்பியதும், நான் சொல்லாமலே அண்ணன் ஏறி உட்கார்ந்தான்.

பத்து பதினெட்டுக்கு ஸ்டேஷன். ரயில் ஆறு நிமிடம் தாமதம் என்று பலகை சொன்னது. ஜெர்மனியில் ரயில் தாமதம் என்றால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். நான் ஒருத்திதான் கைதட்டினேன்.

பிளாட்பாரத்தில் ராஜனும் ரூத்தும் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். என் முடி கலைந்து, முகம் சிவந்து, சட்டை நனைந்து கிடந்தது. "மாமா, ஹெல்மெட் எங்க?" என்றாள் ரூத், கண்டிப்பாக.

நான் ராஜனிடம் சொல்ல வாயெடுத்தேன். இந்த முறை தாளைச் சொல்ல விடுவதாக இல்லை. "எனக்கு அங்க வரப் பிடிக்கலங்க. உங்க ஆசை எனக்குத் தெரியும். ஆனா நான் இங்க மனுஷியா இருக்கேன்."

ராஜன் பதில் சொல்லுமுன் அண்ணன் சொன்னான். "மாப்ள, அந்த வேலைய வேற ஆளுக்குச் சொல்லிருதேன். இவள அங்க கூட்டிட்டுப் போனா மறுபடியும் என் கார்ல பின் சீட்டுலதான் உக்காருவா. இப்ப இவ பின்னால நாம உக்காரலாம்."

ராஜன் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சைக்கிளை வாங்கித் தான் பிடித்துக்கொண்டார். "பின் டயர்ல காத்தே இல்ல பாரு. எம்பத்தஞ்சு கிலோ!" என்று சிரித்தார். கலக்கம் கொஞ்சம் இருந்தது அந்தச் சிரிப்பில். ஆனாலும் நல்ல சிரிப்பு. அண்ணனை ரயிலேற்றிவிட்டு, வீடு வரை நாங்கள் மூவரும் நடந்தே வந்தோம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. நான் ஜெயித்துவிட்டேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஜெயித்துவிட்டேன்.

6

நேற்று அண்ணன் ஃபோன் செய்தான். குரலில் ஒரு மிதப்பு.

"எஸ்தரு, நான் ஒரு சைக்கிள் வாங்கிட்டேன்!"

"நெசமாவா! எங்க வச்சு ஓட்டுத? வீட்டு முன்னாலயா?"

"வீட்டு முன்னால எங்கட்டி ஓட்ட, ஹைவேல்லா? பதினெட்டு மைல் தள்ளி ஒரு பார்க் இருக்கு. சனிக்கிழம காலையில கார் பின்னால சைக்கிள மாட்டிட்டு…" என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

நான் ஏதோ சொல்ல வந்தேன். சிரிப்பு சொல்ல விடவில்லை. அந்தப் பக்கம் அவனும் சிரித்தான். இரண்டு கண்டத்திலும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"சரி, சரி," என்றான் கடைசியில். "அந்தத் தாளு இன்னும் இருக்கா? உன் பக்கம் ஒண்ணு கூட்டிக்கோ."

பேனாவை எடுத்துப் போய்க் கூட்டினேன். ஒன்பதுக்கு ஏழு. இன்னும் ஹூஸ்டன்தான் முன்னால். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.